எல்லாரும் வேண்டாம் என்கிற தாமானில் வீடு வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, எனக்கு 31 வயது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவன். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, மூன்று வயதில் ஒரு பையன். அம்மா பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அதனால் பட்டணத்தில் வீடு பார்க்கிறோம். ஒன்று பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), கோவிலுக்குப் பின்சாலையில், 165,000 வெள்ளி (ரிங்கிட்). இன்னொன்று ஊருக்கு வெளியே வந்திருக்கிற புதுத் தாமானில், காவல் சாவடியோடு, 290,000 வெள்ளி. மாமா, மச்சான், வேலையிடத்து நண்பர்கள் எல்லாரும் பழைய தாமான் ‘ரவுடி ஏரியா, பையன் கெட்டுப்போவான்’ என்கிறார்கள். மனைவி வீட்டாரும் அதேதான். அம்மா மட்டும் போனால் பழைய தாமானுக்குத்தான் என்று பிடிவாதமாக இருக்கிறார். எது நல்ல ஏரியா? தெளிவாகச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, நீங்கள் இரண்டு தாமான்களின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், நான்தான் எடுத்துவிட்டேன். அங்கே குடியிருக்கிறவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். காலையில் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீடு இருக்கிற இடத்துக்கு ரவுடி ஏரியா என்று பட்டம் கட்டியிருப்பதை அவர்கள் ஏன் படிக்க வேண்டும்?

இந்த வீட்டு முகவர் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேராக் மாநிலத்தின் வடபக்கத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி, “ஏரியா எப்படி?” என்பதுதான். அதற்குச் சத்தமாகப் பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஏரியாவில் ஒரு ராத்திரிகூடப் படுத்துத் தூங்கியவர்களாக இருக்க மாட்டார்கள். உங்கள் மாமாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கடைசியாக அந்தத் தாமானுக்குள் எப்போது போனார்? கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனது கணக்கில் சேராது.

ஒரு கதை சொல்கிறேன். சில வருடத்துக்கு முன்னால் நீங்கள் சொல்கிற மாதிரியான ஒரு பழைய தாமானில் வீடு விற்றுத் தரச் சொன்னார்கள். பார்க்க வந்த நாலு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லிப் பின்வாங்கினார்கள்: அங்கே பாராங் கத்திச் சண்டை நடந்ததாம், ஒரு பையனின் கை போய்விட்டதாம். எப்போது என்று கேட்டேன். முதல் ஆள் போன தீபாவளி என்றார், அடுத்தவர் நாலைந்து வருடம் இருக்கும் என்றார், மூன்றாவது ஆள் தன் தங்கை கல்யாணத்துக்கு முந்தின வருடம் என்றார், தங்கைக்கு இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிற பிள்ளை இருக்கிறது. சரி, இதை விடக்கூடாது என்று தாமான் வாசலில் இருக்கிற ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்து விசாரித்தேன். சண்டை நடந்தது உண்மை. நடந்த இடம் அந்தத் தாமானே இல்லை, மெயின் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கடை வரிசைக்குப் பின்னால். அடிபட்டவன் இந்தத் தாமான் பையன், அவ்வளவுதான் சம்பந்தம். ரத்தம் ஓர் இடத்தில் சிந்தியது, பழி இன்னோர் இடத்தில் ஒட்டிக்கொண்டது, அந்த வீடு பதினோரு மாதம் விற்காமல் கிடந்தது.

அதனால் யாராவது ‘அந்த ஏரியா சரியில்லை’ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நடந்தது, எந்த வருடம், எந்த ஜாலானில் (தெருவில்)? மூன்றுக்கும் பதில் வந்தால் அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். “எல்லாரும் சொல்றாங்கல்ல” என்று வந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். பழைய தாமான்களுக்கு இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? இவை எப்படி உருவானவை என்று பாருங்கள். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், ஆள் தேவை குறைந்தது, பல தோட்டங்கள் கைமாறின, லயத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டண ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் 25,000 வெள்ளி உச்சவரம்பில் கட்டிக் கொடுத்த மலிவு விலை வீடு, இரண்டு அறை, பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கிற சுவர். தோட்டத்தில் இருந்தவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயக்கொட்டகை இருந்தது, பந்து விளையாடத் திடல் இருந்தது, யார் வீட்டுப் பையன் எங்கே சுற்றுகிறான் என்று லயத்துக்கே தெரியும். இங்கே வந்ததும் அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட், பையன் தெருவில். அந்தத் தலைமுறையில் தொல்லை இருந்தது நிஜம். ஆனால் ‘தோட்டத்து ஆளுங்க வந்து குமிஞ்ச இடம்’ என்று அப்போது பட்டணத்துக்காரர்கள் முகம் சுளித்ததும் நிஜம். இன்றைக்கு அதே வார்த்தையை நம் ஆட்களே சொல்கிறார்கள், அதுவும் லயத்திலிருந்து பத்து வருடம் முன்னால் வெளியே வந்தவர்கள். உங்கள் மச்சான் எந்தத் தோட்டம்?

இந்தச் சுங்கை சிப்புட்டுக்கே ஒரு காலத்தில் கெட்ட பெயர்தான். 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவித்தார்கள். அப்புறம் பல வருடத்துக்கு சுங்கை சிப்புட் என்ற பெயரைக் கேட்டாலே வெளியூர்க்காரர் முகம் மாறும் என்று என் பாட்டி சொல்லுவார். 1950-க்குப் பிறகு, கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகக்கூடாது என்று சீனர்களை முள்வேலிக்குள் குடியேற்றினார்களே புதுக்கிராமங்கள், ராத்திரி ஊரடங்கு, அரிசிக்கு அளவு, அந்தப் புதுக்கிராமங்களில் வீடு வாங்கித் தரச் சொல்லி இன்றைக்கு என்னிடம் வருகிறார்கள், ‘அமைதியான ஏரியா’ என்று.

சரி, பழைய தாமானுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். குண்டர் கும்பல் கட்டுக்கதை இல்லை. 2013-இல் உள்துறை அமைச்சே 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது, அதில் நம் பையன்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை, கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். பஸ் ஸ்டாப் சுவரிலும் மின்சாரப் பெட்டியிலும் கும்பல்களின் அடையாள எண்கள் கிறுக்கியிருக்கிறதா? இருந்தால் பழசா, புதுசா? மேலே வெள்ளை அடித்திருக்கிறார்களா? அடித்திருந்தால் அதைக் கவனிக்க அங்கே ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பூட்டிக் கிடக்கிற வீடு எத்தனை, அதில் கதவு உடைந்தது எத்தனை? எனக்குப் பயம் தருவது இந்தக் கடைசிக் கணக்குதான். வங்கி ஏலத்துக்குப் போய், யாரும் எடுக்காமல், ஜன்னல் கம்பியையும் குழாயையும் கழற்றிக்கொண்டு போன வீடு ஒரு வரிசையில் இரண்டு இருந்தால் அங்கே போதைப் பித்தர்கள் ஒதுங்குவார்கள். அந்த வரிசையை விட்டுவிடுங்கள். அதே தாமானில் நாலு ஜாலான் தள்ளி வேறு உலகமாக இருக்கும். நல்ல ஏரியா கெட்ட ஏரியா என்று தாமான் கணக்கில் பேசுவதே தப்பு, ஜாலான் கணக்கில் பேசுங்கள், முடிந்தால் வரிசைக் கணக்கில்.

எப்படிப் பார்ப்பது? முகவரோடு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போவது பார்ப்பது ஆகாது. அந்த நேரத்தில் எந்தத் தாமானும் அழகாகத்தான் இருக்கும். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போங்கள். வேலை நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் ஏழரைக்கு ஒரு தரம், சனிக்கிழமை ராத்திரி பதினொன்றுக்கு ஒரு தரம். மழை பெய்கிற அன்றைக்கு ஒரு தரம் கட்டாயம் போங்கள்.

நான் மேலே சொன்ன அந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது நடந்தது இது. எதிர்வீட்டு வாசலில் ஒரு பாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் காடியை (காரை) நிறுத்திக் கீழே இறங்குவதற்குள், “யாருப்பா நீ? எந்த வீட்டுக்கு வந்தே?” என்றார். சொன்னேன். “அவங்க இல்ல, மருதாணி விசேஷத்துக்குக் கோலகங்சார் போயிருக்காங்க. ஆறு மணிக்கு வா.” என் காடி எண்ணைப் பேரனிடம் சொல்லி எழுதி வைக்கச் சொன்னார், என் கண் முன்னாலேயே. அந்த ஜாலானில் திருட வருகிறவன் முதலில் அந்தப் பாட்டியைத் தாண்டியாக வேண்டும்.

இப்போது உங்கள் புதுத் தாமானுக்கு வருவோம். காவல் சாவடி இருக்கிறது, தடுப்புக் கம்பி இருக்கிறது, வாசலில் பூச்செடி இருக்கிறது. நல்லது. ஆனால் தரை வீட்டுத் தாமானில் சாலை நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமான பொதுச் சாலைதான், நகராண்மைக் கழகத்தின் அனுமதியோடு சாவடி போடலாமே தவிர, காவல் கட்டணம் குடியிருப்போர் தாங்களாகக் கொடுப்பது. முதல் வருடம் எல்லாரும் கொடுப்பார்கள், இரண்டாம் வருடம் பாதி பேர், அப்புறம் காவலாளிக்குச் சம்பளம் இல்லை, கம்பி மேலே தூக்கினபடியே நிற்கும், சாவடிக்குள் பூனை குட்டி போடும். இப்படி மூன்று தாமான்களைப் பார்த்திருக்கிறேன். குடியிருப்போர் சங்கச் செயலாளரைத் தேடிப் பிடித்து, எத்தனை வீடு கட்டணம் கட்டுகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ராத்திரி எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்றும் எண்ணுங்கள். முதலீட்டுக்கென்று வாங்கிப் போட்டுவிட்டுக் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் வீடு பாதி என்றால், பகலில் அங்கே ஆளே இருக்காது.

இதில் எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்தைப் பழைய தாமானிலிருந்து திருப்பி, புதுத் தாமான் ஒன்றில் வாங்க வைத்தேன், ‘நமக்கு ஏன் வம்பு’ என்று நானே சொன்னேன், கமிஷனும் அங்கேதான் அதிகம், அதையும் மறைப்பானேன். கடைசி வரிசை வீடு, பின்னால் செம்பனைக் காடு. ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை பின்கதவை உடைத்துத் திருடினார்கள், இரண்டு தடவையும் பட்டப்பகலில். வந்தவர்கள் காட்டு வழியாக வந்தார்கள், சாவடியில் இருந்தவருக்குத் தெரியவே தெரியாது.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 90 விழுக்காடு கடன், 35 வருடம், வட்டி 4.2 என்று வைத்துக்கொண்டால் 165,000 வீட்டுக்கு மாதம் சுமார் 675 வெள்ளி, 290,000 வீட்டுக்கு சுமார் 1,190. வித்தியாசம் 500-க்கு மேல், அது உங்கள் பையனின் டியூஷனும் அம்மாவின் மருந்தும் காடித் தவணையில் பாதியும். முன்பணம் 16,500-க்கும் 29,000-க்கும் உள்ள வித்தியாசம் தனி. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம், 2024 மே மாதத்திலிருந்து அது ‘அக்காவுன் செஜாத்ரா’ என்ற சேமநிதிப் பிரிவிலிருந்து வருகிறது, எவ்வளவு இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். முதல் வீடு என்பதால் 500,000 வெள்ளிக்குள் இருக்கும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை விலக்கு உண்டு, அதை மறக்காமல் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்குங்கள்.

கெட்ட பெயர் உங்களை நிஜமாகவே கடிக்கிற இடம் ஒன்று உண்டு, அது வங்கி. வங்கி உங்கள் மாமாவின் பேச்சைக் கேட்காது, தன் மதிப்பீட்டாளர் சொல்வதைத்தான் கேட்கும், அவர் பக்கத்து வீடுகள் கடைசியாகக் கைமாறிய விலையைப் பார்ப்பார். விற்கிறவர் 165,000 கேட்க, மதிப்பீட்டில் 150,000 என்று வந்தால் கடன் 135,000-தான். மீதி 30,000 உங்கள் கையிலிருந்து. அதனால் முன்பணத்துக்குக் கை நீட்டுவதற்கு முன் இரண்டு வங்கியில் மதிப்பீடு கேளுங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

இனி யாருமே உங்களிடம் சொல்லாத விஷயங்கள், என் கணக்கில் இவைதான் ரவுடியைவிட மோசம்.

முதலில் கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம். நில அலுவலகத்தில் தேடல் போட்டு, அது மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்று பாருங்கள், பேராக்கில் அப்படி நிலம் நிறைய, நம்மால் வாங்க முடியாது. அப்புறம் குத்தகையா, நிரந்தர உரிமையா? பழைய தாமான் பெரும்பாலும் குத்தகையாக இருக்கும். 1985-இல் 99 வருடத்துக்குக் கொடுத்தது என்றால் 2084 வரை கவலை இல்லை. அதே 1985-இல் 60 வருடம் என்றால் 2045-இல் முடிகிறது, உங்களுக்கு 35 வருடக் கடன் எந்த வங்கியும் கொடுக்காது. மலிவு விலை வீடாகக் கட்டியது என்றால் மாநில அரசின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்ற நிபந்தனை கிராண்டிலேயே எழுதியிருக்கலாம். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், லயத்தைக் காலி செய்கிற தேதியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். மழை நாளில் போகச் சொன்னது இதற்குத்தான். லோங்காங்கில் (வடிகாலில்) தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா? வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிளக் பாயிண்டை எல்லாம் தரையிலிருந்து பெயர்த்து மேலே ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர் ஏறியதே, அதற்கு முந்தின வாரம் வரை அங்கேயும் ஜனங்கள் ஏரியா நல்லதா என்று கேட்டு வீடு வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நாற்றம் ஒன்று இருக்கிறது, தோட்டத்தில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஒட்டுப்பால் வேகிற ஆலையோ செம்பனை ஆலையோ காற்று வருகிற திசையில் இருந்தால் பகலில் தெரியாது, விடியற்காலையில் தெரியும். உங்கள் மனைவி பட்டணத்தில் வளர்ந்தவர் என்றால் அவரையும் ஒரு விடியற்காலையில் கூட்டிப் போங்கள்.

பையன் கெட்டுப்போவான் என்ற பயத்துக்கு வருகிறேன், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. தமிழ்ப்பள்ளிக்கு நடந்தோ பள்ளி வேனிலோ போகிற தூரமா என்று பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலில் பந்து உருள்கிறதா, இல்லை திடலில் புல் இடுப்பளவு வளர்ந்து பையன்கள் மோட்டாரை நிறுத்திப் புகை விடுகிறார்களா என்று பாருங்கள். கோவிலில் தேவார வகுப்பு நடக்கிறதா, நடந்தால் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள்? புதுத் தாமானிலும் இதே கேள்விதான். நாலு சுவருக்குள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று இப்போதெல்லாம் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

அம்மாவின் பிடிவாதத்தைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் உட்கார்ந்து, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய தோட்டத்துக்காரர்கள் பெயரை வரிசையாகச் சொல்வார் என்று நினைக்கிறேன், அவரோடு ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவர்கள், உங்களைக் கைக்குழந்தையாகத் தூக்கியவர்கள். நீங்களும் மனைவியும் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவீர்கள். 290,000 வீட்டில் பகல் முழுக்க அம்மா யாரோடு பேசுவார்? காவலாளியோடா? பையனையும் பகலில் பார்த்துக்கொள்ளப்போவது அவர்தான் என்றால் அவருடைய ஓட்டுக்கு மாமா ஓட்டைவிட எடை அதிகம்.

என்னைக் கேட்டால் பழைய தாமான். ஆனால் கோவிலுக்குப் பின்சாலை என்கிறீர்கள், அந்தச் சாலை கோடியில் பூட்டின வீடு இருக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, இருந்தால் அதே தாமானில் முன் வரிசைகளில் வேறு வீடு வருகிறவரை பொறுங்கள். விலையை 165,000-லேயே விடாதீர்கள், கெட்ட பெயரால் வாங்க ஆள் குறைவு என்பது விற்கிறவருக்கும் தெரியும், பேசுங்கள். முகவர் யாராவது நடுவில் இருந்தால் கழுத்தில் அடையாள அட்டை போட்டிருக்கிறாரா, அதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணத்தை அவர் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

லயத்தைக் காலி செய்வது பற்றித் தோட்ட நிர்வாகம் ஏதாவது தாள் நீட்டினால் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள், முதலில் வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். வீட்டுக்குப் பதிலாக ஏதாவது தருவதாக முன்பு சொல்லியிருந்தார்களா, எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். அது தனிக் கடிதத்துக்கான விஷயம், எழுதுங்கள். என்னைப் பார்க்க வரும்போது வாங்கப்போகிற வீட்டுக் கிராண்டின் நகலையும் கொண்டு வாருங்கள், குத்தகைத் தேதியைப் பார்த்துச் சொல்கிறேன்.